கற்பிட்டிக் கரையில் ஒரு பழமொழி

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் பெருங்கடல். இடையே ஒடுங்கிய மணல் நிலம். ஊரில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது.

அந்தக் கரையில் நின்றால் ஐரோப்பியரின் பழமொழியொன்று நினைவுக்கு வரும். "துஆக் கேட்கப் பழக விரும்புகிறவன் கடலுக்குப் போகட்டும்" என்பதே அது. ஜோர்ஜ் ஹேர்பர்ட் என்னும் ஆங்கிலக் கவிஞர் திரட்டிய பழமொழிகளுள் ஒன்றாக 1640இல் அச்சேறியது. பாய்மரக் கப்பல்களின் காலம் அது. காற்று மாறினால் மாலுமியின் திறமையும் பயணியின் பணமும் உதவா. கையேந்த இறைவன் ஒருவனே இருப்பான்.

இப்னு பதூதா 1344இல் நமது நாட்டுக்கு வந்து, புத்தளத்திலிருந்தே கப்பலேறினார். தமிழகக் கரையை நெருங்குகையில் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டிவிட்டார்கள். தம்முடனிருந்த பெண்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் விடியும்வரை கப்பலிலேயே இருந்தார். காலையில்தான் உதவி வந்தது.

கடலோடும் ஆண்களை எண்ணிச் சொன்ன அப்பழமொழியின் பொருளை நமது பெண்கள் 1990 ஒக்டோபரில் அறிந்தார்கள். அப்போது வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு மக்கள் பிள்ளைகுட்டிகளோடு படகுகளில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். அந்தப் படகுகளில் துஆக் கேட்க எவருக்கும் எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

ஆனால் பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்றை அல்குர்ஆன் சொல்கிறது. கப்பலில் ஏறியவர்கள் உளத்தூய்மையோடு அல்லாஹ்வை அழைப்பதையும், கரை சேர்ந்ததும் அவனுக்கு இணைவைப்பதையும் அன்கபூத் அத்தியாயத்தின் 65ஆம் வசனம் எடுத்துக்காட்டுகிறது. அலையின் நடுவே அழுவது எவருக்கும் இயலும். சோதனை கரையில் தொடங்குகிறது.

இங்கு வந்திறங்கிய தாய்மார் கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். தண்ணீருக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றார்கள். அந்த நெருக்கடியிலும் நேரத்துக்குத் தொழுது, பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்தவர்கள் எத்தனையோ பேர். கடலில் கேட்ட துஆவைக் கரையிலும் விடாதவர்கள் அவர்கள்.

நமக்குக் கடல் வீட்டுக்குள்ளேயே வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும் இரவில் நமது துஆ எவ்வளவு நீளம்! காய்ச்சல் இறங்கிய மறுநாள் சுபஹில் அது எவ்வளவு நீளம்? சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள்.