விட மறுக்கும் பிறேக்

வாகனத்தின் பிறேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் பதறுவார்கள். பிடித்த பிறேக் விடவில்லை என்றால் அநேகமாக எவரும் பொருட்படுத்துவதில்லை. பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது, கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, அவ்வளவுதானே என்பார்கள். ஆனால், இரண்டாவது கோளாறு முற்றினால் முதலாவதாக மாறிவிடும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களையே பேணிக் காக்க வேண்டியதாயிற்று. என்னுடையதும் அத்தகைய ஒரு முதியவர். அதன் முன் சில்லுகள் இரண்டுக்கும் கொழும்பில் புதிய பிறேக் பாட் போட்டார்கள். மறுவாரம் கண்டிக்குச் சென்று திரும்புகையில், பேராதனையில் தேநீருக்காக நிறுத்தியபோது கருகிய வாடை வீசியது. இடது முன்சில்லின் அருகே கையை நீட்ட முடியாத வெப்பம். வலது பக்கம் சாதாரண சூடுதான். சிறிது தூரத்தில் கடுகண்ணாவை இறக்கம் காத்திருந்தது.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரமேறிய ஒயிலுக்கு அந்த எல்லை 140 பாகைதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கும் விசை ஆவியை நசுக்குவதிலேயே செலவாகிவிட, பெடல் தரையைத் தொடும். இறக்கத்தில் அதன் பின் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அருகிலிருந்த சிறு கராஜின் பாஸ் அறுபதைக் கடந்த மலையகத்தவர். எதையும் அவசரப்பட்டுக் கழற்றவில்லை. "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா ஐயா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. இரு பக்கமும் இறுகினால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமென்றால் தேடல் பெரும்பாலும் அந்தச் சில்லோடு நின்றுவிடும்.

சூடு ஆறிய பின், ஜக்கினால் உயர்த்திச் சில்லைக் கையால் சுழற்றினார். பாட் இலேசாக உரசுவது இயல்பு. இதுவோ அசைய மறுத்தது. அடுத்து, கலிப்பரில் காற்று நீக்கும் சிறு ஆணியைத் தளர்த்தினார். அப்போது சில்லு விடுபட்டிருந்தால், ஒயிலின் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். உட்புறம் வீங்கிய றப்பர் குழாய் அப்படிச் செய்யும்: கால் மிதிக்கும் வலிமையில் ஒயில் உள்ளே போகும், திரும்பி வர வழியிராது. எங்கள் சில்லு விடுபடவில்லை. ஆகவே குழாய்மீது பழியில்லை.

அதன் பிறகே கலிப்பரைக் கழற்றினார். பிஸ்டன் இலகுவாக உள்ளே சென்றது. கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான இரண்டு ஊசிகளில் கீழுள்ளது துருப்பிடித்து இறுகியிருந்தது. பழைய பாட் தேய்ந்திருந்தவரை அது ஓரிடத்தில் நின்று பழகிவிட்டது. தடித்த புதிய பாட் அதை இடம் மாற்றியதும் துருவில் சிக்கிக்கொண்டது. "பாட் மாத்தினவங்க இந்த ஊசியைக் கழட்டியே பாக்கல ஐயா" என்றார். துருவைச் சுரண்டிச் சிலிக்கன் கிறீஸ் பூசினார். சாதாரண கிறீஸ் அங்குள்ள றப்பரை வீங்கச் செய்துவிடும். வெந்துபோன ஒயிலையும் மாற்றினார்.

முப்பது ஆண்டுகளாகச் செய்திகளோடு உழன்றவன் நான். குற்றவாளியை ஊகித்துவிட்டு ஆதாரம் தேடுவோரை நிறையவே கண்டிருக்கிறேன். ஒவ்வொரு கேள்வியாலும் பாதிச் சந்தேகங்களை அகற்றிவிட்டுப் பிறகே கைவைத்த அந்த மனிதர், நல்ல செய்தியாளராகவும் விளங்கியிருப்பார்.

பாட் மாற்றிய வாசகர்களுக்கு ஒன்று. சில கிலோமீற்றர் ஓடிவிட்டு, முன்சில்லுகள் இரண்டின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். சூட்டில் பெரிய வேறுபாடு தெரிந்தால் மலைப்பாதைக்குப் போகாதீர்கள்.