படலையடியும் பஞ்சணையும்

எம்மவர் நாயை வெறுப்பவரல்லர். வைரவரின் வாகனமாக அதனை மதிக்கின்றோம். தம்மைத் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் கதையை மாணாக்கருக்குப் போதிக்கின்றோம். ஆயினும், யாழ்ப்பாணத்து வளவிலே நாய்க்கு நாம் விதித்த இடம் படலையடியே. ஆங்கிலேயர் இல்லத்திலோ அது வீட்டாரோடு பஞ்சணையில் அமரும்.

இலண்டனிற் குடியேறிய எம் தமக்கையாரிடம் நாம் சென்றிருந்தபோது, அயல்வீட்டு மூதாட்டியாரின் நாய் வாலைக் குழைத்தபடி ஓடிவந்தது. தமக்கையார் அஞ்சி விலகினார். தம் பிள்ளையையே ஒருவர் ஒதுக்கியதுபோல் மூதாட்டியாரின் முகம் வாடிற்று.

இருவரிடத்தும் குற்றமில்லை. பிரித்தானியாவில் நாய்களிடையே விசர்நோய் 1922 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. இலங்கையிலோ அது இன்னும் முற்றாக ஒழியவில்லை; கடியுண்டவர் தடுப்பூசிக்காக ஆசுபத்திரிக்கு விரையவேண்டியுள்ளது. அறியாத நாயைக் கண்டால் விலகுதல், அன்னையர் எமக்குக் கற்பித்த தற்காப்பு.

இதனை நாம் எடுத்துரைத்தபோது மூதாட்டியார் வியப்புற்றார். அன்று முதல் தமக்கையாரைக் கண்டதும் நாயின் வாரைக் குறுக்கிப் பிடிக்கலானார். தமக்கையாரும் எட்ட நின்றே அதனைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகினார். சொல்லாத அச்சம் அயலாருக்கு வெறுப்பாகவே தோன்றும். பிறநாட்டில் வாழும் எம் உறவினர் அதன் காரணத்தை வாய்திறந்து கூறுவாராயின், வேலிக்கு இருபுறமும் மனக்கசப்புக் குறையுமன்றோ?