காதிம் என்னும் சொல்

மதரஸாவில் ஸர்ஃப் இலக்கணம் கற்பிப்போர் முதலாண்டிலேயே மாணவர்க்குப் பிரித்துக் காட்டும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று காதிம், மற்றொன்று மக்தூம். பணி செய்பவன் காதிம்; பணிவிடை பெறுபவன் மக்தூம். முன்னது இஸ்முல் ஃபாயில். பின்னது இஸ்முல் மஃப்ஊல். இவ்வேறுபாட்டை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஆயினும் அச்சொல்லின் பாரத்தை நான் உணர்ந்தது 2019ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போதுதான். திருமக்காவின் அஸீஸிய்யாப் பகுதியில், புறப்பாட்டிற்கு ஐந்து நாட்களே எஞ்சியிருந்த வேளையில்.

ஹஜ் கமிட்டி வழியாகச் செல்லும் ஹாஜிகளுக்கு உதவ அரசுப் பணியிலிருப்போர் சிலர் தொண்டர்களாக அனுப்பப்படுவர். 'காதிமுல் ஹுஜ்ஜாஜ்' என்பது அப்போது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஏறத்தாழ 200 ஹாஜிகளுக்கு ஒருவர் என்பது அவ்வாண்டின் கணக்கு. இறையருளால் எனக்கும் அந்த வாய்ப்புக் கிட்டியது. என் அரபுப் புலமையே என் கித்மத் என்று எண்ணிப் புறப்பட்டேன். அங்குத் தேவைப்பட்டவையோ சலியாத கால்களும் சுளியாத முகமுமே என்பது சென்ற பின்னர் விளங்கிற்று.

ஆகஸ்ட் 10ஆம் நாள் அரஃபா. அதற்கு முன்னும் பின்னுமான நாட்களில் எங்களுள் எவரும் உறங்கவுமில்லை, உறங்காததைப் பொருட்படுத்தவுமில்லை. மினாவின் கூடாரங்களும், முஸ்தலிஃபாவின் திறந்த வெளியும், ஜமராத்தின் மக்கள் வெள்ளமும் மனிதனைத் தாமே தாங்கிச் செல்கின்றன. ஹஜ்ஜுக் கடமைகள் நிறைவேறிய பின்னர் வருகின்ற நாட்களே கடினமானவை. அவை எவ்விதச் சிறப்புமற்ற நாட்கள். மொட்டை மாடிக் கொடிகளில் வெள்ளைத் துணிகள் உலரும். ஒவ்வோர் அறையிலிருந்தும் இரசத்தின் மணமும் கருவாட்டின் மணமும் கலந்து எழும். ஊருக்குக் கொண்டு செல்லும் பேரீச்சம்பழத்தையும் தஸ்பீஹ் மணிகளையும் பெட்டியில் அடுக்கி, தூக்கிப் பார்த்து, எடை மிகுமென்று அஞ்சி மீண்டும் பிரிப்பார்கள். "ஆலிம்சா, லிப்டு ஓடல." "ஆலிம்சா, சாவியக் காணோம்." "ஆலிம்சா, எங்க பாஸ்போர்ட் எப்பக் கிடைக்கும்?" இவையே காலை முதல் இரவு வரை.

இவற்றுக்கிடையே 'தவாஃபுல் விதா' எனும் விடைபெறும் தவாஃபின் ஏற்பாடு. மக்காவில் ஒருவர் செய்யும் இறுதிச் செயலாக அது அமைதல் வேண்டும். முடித்தபின் வீணே தங்கலாகாது. ஆனால் பேருந்து புறப்படும் நேரமோ ஒரு நாளைக்கு மும்முறை மாறும். எப்பொழுது அழைத்துச் செல்வது, முதியோரை எவருடன் சேர்ப்பது என்று குறிப்பேட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். மாதவிடாய் வந்துவிட்டதென்று ஓர் இளம்பெண், தன் மாமியார் வாயிலாகச் சொல்லியனுப்பி அழுதாள். அந்நிலையிலுள்ள பெண்களுக்கு விடைத் தவாஃபிலிருந்து ஷரீஅத் விலக்களித்திருப்பதை எடுத்துரைத்தேன். சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்தது. நான் கற்ற கல்வி அன்று ஒருவரின் கண்ணீரைத் துடைத்ததென்று மகிழ்ந்தேன். சற்றே பெருமையும் கொண்டேன் என்பதை மறைப்பானேன்?

அப்பெருமைக்குரிய விடை மறுநாளே வந்தது.

எங்கள் கட்டடத்தில் பத்தமடையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தங்கியிருந்தார். கோரைப்பாய் நெய்பவர்; எழுபதைக் கடந்தவர்; துணையின்றி வந்தவர். பல்லாண்டுகள் தறியருகே குந்தியமர்ந்து முழங்கால் தேய்ந்திருந்தது. அஸீஸிய்யாவிலிருந்து ஹரம் ஷரீஃப் சில கிலோமீட்டர் தொலைவு. பேருந்து உண்டெனினும் இறங்கியபின் நெரிசலில் நடக்க வேண்டும்.

"ஆலிம்சா, ஒரே ஒரு சுபுஹு ஹரத்துல தொழணும். கூட்டிட்டுப் போவீகளா?" என்று கேட்டார்.

"நாளைக்குப் போவோம் வாப்பா" என்றேன்.

மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். வேலை இருந்தது உண்மை. ஆனால் முழு உண்மை அதுவன்று. என் உடல் அஸீஸிய்யாவில் இருந்தது. உள்ளம் எப்போதோ விமானமேறி வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிட்டது. இரவில் குறிப்பேட்டைத் திறந்தால் ஹாஜிகளின் தேவைகளை அல்ல, எஞ்சிய நாட்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் விடியலில் அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. பகல் பதினொரு மணியளவில் கைபேசி ஒலித்தது. கைப்பட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து ஒரு காவலர் அழைத்திருந்தார். ஓடினேன். நாற்பது பாகையைத் தாண்டிய வெயில். வேறொரு வழித்தடத்தின் பேருந்து நிறுத்தத்தில், யாரோ கொடுத்த தண்ணீர்ப் புட்டியுடன் பெரியவர் அமர்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை.

இளைஞரான அக்காவலர் என்னை நோக்கி, "இவர் உம் தந்தையா?" என்று அரபியில் வினவினார்.

"இல்லை; நான் இவருடைய காதிம்" என்றேன்.

"ஃபஐன குன்த?" என்றார் அவர். 'அவ்வாறாயின் நீ எங்கே இருந்தாய்?'

சினத்துடன் கேட்கவில்லை, இயல்பாகவே கேட்டார். 'குன்த' என்பது முன்னிலை ஒருமை, ஆண்பால், இறந்தகாலம். அதன் அத்தனை திரிபுகளையும் உறக்கத்திலும் ஒப்பிப்பேன். எனினும் அவ்வினாவிற்கு விடையாக ஓர் அரபுச் சொல்லும் என் நாவில் எழவில்லை.

திரும்பும் வழியில் பெரியவரே என்னைத் தேற்றினார். "நாந்தான் சொல்லாமப் போனேன். உங்களுக்கு இருநூறு பேரு. விடுங்க." பிறகு வேறு பேச்சாகத் தம் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். "பாயி நெய்யுறது பெருசில்ல ஆலிம்சா. அறுத்தெடுத்த பொறவு பாவு நூலை ஒண்ணொண்ணா முடியணும். வேல முடிஞ்சு போச்சுன்னு பசங்க அங்கனதான் அசட்டையா இருப்பானுவ. முடியாம விட்டா அம்புட்டுக் கோரையும் உருவிட்டு வந்துரும்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதை நான் உறுதியாக அறிவேன். அதனாலேயே அச்சொல் ஆழத் தைத்தது.

அன்றிரவே அவரை அழைத்துக்கொண்டு ஹரமுக்குச் சென்றேன். ஃபஜ்ரை அங்கே தொழுதோம். மறுநாள் விடைத் தவாஃபின்போது சக்கர நாற்காலியில் அமர்த்தி, மேல்தளத்தில் ஏழு சுற்றுகளும் நானே தள்ளினேன். மேல்தளத்தின் சுற்று நீளமானது, தோள்கள் கடுத்தன. ஏழாம் சுற்றில் அவர் கையேந்தியபோது, தம் மக்களின் பெயர்களுக்குப் பின் என் பெயரையும் சொல்லக் கேட்டேன். நாற்காலியைத் தள்ளியவன் நான். காதிம் யார், மக்தூம் யார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை.

இன்றும் வகுப்பில் அவ்வினைச்சொல்லின் திரிபுகளை எழுதுகிறேன். 'குன்த' என்னும் இடத்தில் என் கை ஒரு கணம் தயங்கும். மாணவர்கள் ஆசிரியருக்கு மறதி என்று எண்ணக்கூடும். வல்ல அல்லாஹ் அந்த மூன்று 'நாளை'களையும் மன்னித்தருள்வானாக, ஆமீன்.