வாடகை அறிவு

நூல்நிலையம் என்றால் அலமாரியும் புத்தகமுமே நம்மில் பலருடைய நினைவுக்கு வரும். இன்றோ ஆராய்ச்சி ஏடுகள் பெரும்பாலும் கணினித் திரையிலேயே வருகின்றன. நூல்நிலையம் அவற்றை வாங்கி அடுக்குவதில்லை. சந்தா கட்டிப் படிக்கும் உரிமையைப் பெறுகிறது. அவ்வுரிமை எவர்க்கு, எத்தனை நாளைக்கு என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது.

என் அக்காள் மகள் கம்போங் ராஜாவை அடுத்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் பயின்ற நாளில், தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயைப் பற்றி இரவு பகலாகப் படித்தாள். பட்டம் கைக்கு வந்தது. சில திங்களில் கடவுச்சொல் செல்லாமற் போயிற்று. தேயிலைச் செடிகளின் நடுவே குடியிருப்பவளுக்குத் தேயிலை நோயைப் பற்றிப் படிக்க வழியில்லை! கட்டுரை ஒன்றைத் தனியே வாங்குவதென்றால், அவள் தாயின் இரண்டு நாட் கூலி போதாது. "யாரைக் குறை கூறுவது, மாமா? ஒப்பந்தம் அப்படி" என்றாள்.

ஒப்பந்தம் தலையெழுத்தா? மனிதர் எழுதியதுதானே! தனித்து நிற்கும் நூல்நிலையம் பெரிய பதிப்பகத்தாரிடம் பேரம் பேச இயலாது. ஆகவே பல நூல்நிலையங்கள் கூட்டாகப் பேசுகின்றன. இந்திய அரசாங்கம் 2025 சனவரி 1 முதல், 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தால் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஏடுகளை 6,300க்கு மேற்பட்ட நிலையங்களுக்குத் திறந்துவிட்டது. 3 ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். கூட்டின் வலிமை பெரிதுதான். ஆயினும், அந்நிலையங்களுக்கு வெளியே நிற்பவன் கதி என்ன?

கூட்டுச் சேர்வது நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. நம் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். தோட்டத்தை வாடகைக்கு எடுக்கவா சேர்த்தார்கள்? சொந்தமாக வாங்கவன்றோ!

அந்தத் தெளிவு நூல்நிலையக் கூட்டுகளுக்கும் வேண்டும். சந்தா நின்ற பின்னும், பணம் கட்டிய ஆண்டுகளின் ஏடுகள் நூல்நிலையத்துக்கு நிலைக்க வேண்டும். வாயிலைத் தாண்டி வந்தவர் எவரும் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்றிருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஏற்ற ஒப்பந்தங்கள் உலகில் பல உண்டு. பல்கலைக்கழகம் இல்லாத மலையூர்களின் பொது நூல்நிலையங்களையும் கூட்டில் சேர்த்தால், மூன்றாவது கதவும் திறக்கும்.

தோட்டத்துப் பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். "பட்டம் பெற்ற பின்னும் என் மகள் படிக்கலாமா?" என்றும் கேளுங்கள். கேட்பாரில்லாத இடத்தில் ஒப்பந்தம் ஒருதலையாகவே எழுதப்படும்.