ஞாயிறு மாத்திரை

ஆண்பிள்ளைக்குச் சர்க்கரை வரலாம், பி.பி. வரலாம். ஆபீசில் நாலு பேரிடம் லேசான பெருமையோடுகூடச் சொல்லிக்கொள்ளலாம். தைராய்டு வந்தால் மட்டும், சொல்வதற்கே தனி தைரியம் வேண்டும். சொன்ன மாத்திரத்தில் எதிராளி முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. ‘‘அது லேடீஸுக்குத்தானே சார் வரும்?’’

பெண்களுக்கு அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பி, ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோருக்கும் சப்ளை செய்யப்பட்டிருக்கிறது. சப்ளை செய்யப்பட்ட எதுவும் ஒருநாள் மக்கர் பண்ணலாம்.

எனக்கு மக்கர் பண்ணியது முப்பத்திரண்டு வயதில். அப்போது ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்திருக்கும்போதே, ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவன் மாதிரி அசதி. ஆபீசில் எல்லோரும் ஏ.சி.யைக் கூட்டச் சொன்னால் நான் ஒருவன் குறைக்கச் சொல்வேன். மாடிப்படி ஏறினால் தொடை கெஞ்சும். மூன்று மணிக்கு எக்செல்லில் பார்த்த எண், மூன்று ஐந்துக்கு மறந்துவிடும்.

‘ஸ்லோ மோஷன்’ என்று பெயர் வைத்தார்கள். மேலதிகாரி வருடாந்தர ரிப்போர்ட்டில் ‘வேகம் போதாது’ என்று எழுதினார். இரண்டே வார்த்தை. அந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லை. அப்பா தன் பங்குக்கு, ‘‘இந்த வயசுல நான் வேலூர்லேர்ந்து ஆற்காடு வரைக்கும் சைக்கிள்லயே போய்ட்டு வருவேன்’’ என்றார்.

சோம்பேறி என்று ஊரே பட்டம் கொடுத்தால், கொஞ்ச நாளில் அது ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் மாதிரி நமக்கே பழகிவிடுகிறது. இந்த நோயின் உண்மையான ஆபத்து அதுதான். காய்ச்சல்காரன் டாக்டரிடம் போவான். சோம்பேறி எங்கே போவான்?

கடைசியில் அம்மாவின் நச்சரிப்பில் ரத்தம் கொடுத்தேன். வந்த ரிசல்ட் ஒன்றல்ல, இரண்டு. டி.எஸ்.எச். 18. விட்டமின் டி 9.

டி.எஸ்.எச். சுமாராக 4-க்குள் இருக்க வேண்டும். ‘‘பதினெட்டா? அப்ப உனக்குத் தைராய்டு ஜாஸ்தியா சுரக்குது’’ என்றார் பக்கத்து சீட் நண்பர். தலைகீழ். டி.எஸ்.எச். என்பது தைராய்டு தயாரிக்கும் சரக்கு அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்கிற ஹெட் ஆபீஸ் அனுப்பும் மெமோ. கிளை ஆபீசில் உற்பத்தி குறையக் குறைய, ஹெட் ஆபீஸ் மெமோ மேல் மெமோவாக அனுப்புகிறது. எண் ஏறினால் சுரப்பி படுத்துவிட்டது என்று அர்த்தம். ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

விட்டமின் டி 20-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. எனக்கு 9. அதுவும் வேலூர்க்காரனுக்கு! வெயிலை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய ஊரில் பிறந்தவனுக்கு வெயில் சத்துக் குறைவு என்றால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் பஸ், அப்புறம் ஏ.சி., இருட்டியதும் பஸ். ஜன்னலோர சீட்டில் கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே என்றால், டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி வாசலிலேயே நிறுத்திவிடும். சூடு வரும், சத்து வராது. காலை ஆறரை மணி இளவெயில் மனசுக்கு நல்லது, டி-க்கு உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். நம் கறுப்புத் தோலுக்கு அதிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும்: ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால், ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது. உள்ளே இன்னொன்றும் இருக்கும். அசதி, உடம்பு வலி எல்லாம் இரண்டு குறைகளுக்கும் பொது. தைராய்டு மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, ‘‘ரெண்டு மாசமாச்சு, தொடை வலி போகலையே, இது வேஸ்ட்’’ என்று அதை நிறுத்துகிறவர்கள் உண்டு. டி மட்டும் ஏற்றிக்கொண்டு தைராய்டு தானாகச் சரியாகும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஒன்றின் வரவை இன்னொன்றின் பற்றில் கழிக்க முடியாது. தனித்தனிப் பேரேடு.

இரண்டின் சுபாவமும் நேர் எதிர். தைராக்சின் மாத்திரை, ஏகாதசி விரதம் இருக்கும் பெரியப்பா. வெறும் வயிறு, வெறும் தண்ணீர், தினமும் ஒரே நேரம், கூட யாரும் வரக் கூடாது. விழுங்கிய பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூடக் கூடாது. டிகாக்‌ஷன் வாசனை கூடம் வரை வந்து கூப்பிடும்போது அந்த அரை மணி எத்தனை நீளம் என்பதை விஞ்ஞானிகள் இன்னும் அளக்கவில்லை.

டி மாத்திரையோ, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. கொழுப்பில் கரைகிற ஜாதி. நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டோடுதான் ஒழுங்காக உடம்பில் ஒட்டும். எனக்கு டாக்டர் எழுதியது வாரம் ஒன்று, எட்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியம், குழம்பு சாதத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டேன்.

இவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: கால்சியம் மாத்திரை. டி எழுதும்போது பல நேரம் இதையும் சேர்த்து எழுதுவார்கள். இது பெரியப்பாவின் கையைப் பிடித்து ரத்தத்துக்குள் போகவிடாமல் தடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையும், சில அசிடிட்டி மருந்துகளும் அப்படியே. நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் காலையில் ஒரே மடக்கில் முழுங்கிவிட்டு, ‘டோஸ் போதவில்லை’ என்று கூட்டிக்கொண்டே போகிற கேஸ்கள் உண்டு.

டி அட்டையில் ‘60,000 ஐ.யு.’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நண்பர் பயந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம். 60,000 என்பது ஒன்றரை மில்லிகிராம், அவ்வளவே. உடனே பயம் போய், ‘‘அப்ப தினம் ஒண்ணு போட்டா சீக்கிரம் சரியாயிடுமே!’’ என்றார். அங்கேதான் வம்பு. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குத் தேவை 600 ஐ.யு. தான். ஒரு மாத்திரை நூறு நாள் ரேஷன்! உபரியை உடம்பு எளிதில் வெளியே தள்ளாது. கொழுப்பில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டுவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம் என்று தொடங்கி கிட்னியில் போய் முடியும். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம். அப்புறம் டெஸ்ட், டாக்டர், அடுத்த உத்தரவு.

இளைஞர்களுக்கு ஒரு ரகசியம். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் நாம் டாக்டரிடம் போகாமல் பயோட்டின் மாத்திரை வாங்குவோம். அந்தப் பயோட்டின், சில லேப்களின் தைராய்டு டெஸ்டையே குழப்பிவிடும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

‘‘வாழ்நாள் பூரா மாத்திரையா?’’ என்று அம்மா கலங்கினாள். பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். டி.எஸ்.எச். நார்மல் என்று வந்ததும் நிறுத்துவது, குடை பிடித்தவன் ‘நனையவே இல்லையே’ என்று நடு மழையில் குடையை மடக்குவது மாதிரி. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர், தைராய்டு அடியோடு படுத்துப்போன 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் 1919 வரை, 28 வருஷம், சாறு சாப்பிட்டே வாழ்ந்தார். எனக்கு ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். உளுத்தம்பருப்பு சைஸில் ஒரு மாத்திரை. புகார் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். 3.1, விட்டமின் டி 34. ஒரே நாளில் சூப்பர்மேன் ஆகிவிடவில்லை. ஒருநாள் மூன்றாம் மாடி ஏறி நின்றபோதுதான், தொடை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது. நின்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாள் நான் சோம்பேறியாக இருக்கவில்லை, நோயாளியாக இருந்திருக்கிறேன். நோயாளி என்று தெரிந்ததில் அத்தனை சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்கிரிமென்ட்? அந்த வருஷத்தது போனது போனதுதான். அதற்கு மட்டும் இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கவில்லை.