ராஜாவுக்கும் ஒரு பிரதி

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமச் சபைகளில் உபதேசியார் வேலை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கடினம். குருப்பட்டம் பெற்ற ஐயர் ஒருவர் இருப்பார். அவர் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கும். திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் அவர் வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஆராதனை நடத்துவது, காய்ச்சலில் கிடப்பவர் தலைமாட்டில் ஜெபிப்பது, இழவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பது, குடித்துவிட்டு வந்தவனைக் கையைப் பிடித்து வீட்டில் விடுவது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, காணிக்கைக் கணக்கு எழுதுவது எல்லாம் உபதேசியார் தலையில். நான் சிங்கவரத்தில் குடியிருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறேன். குன்றைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர் இது. அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் நான் உபதேசியார்தான்.

சபையை நடத்துகிறவர்களுக்கு வேதம் எப்படிப் பலம் தருகிறது என்று கேட்டால், பலர் வாக்குத்தத்த வசனங்களைச் சொல்வார்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருக்கும் மூப்பர்களை எனக்குத் தெரியும். அந்த அட்டை அவர்களைத் தாங்கியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என்னை நிற்க வைத்தது வேறொரு பகுதி. உபாகமம் 17-ஆம் அதிகாரத்தின் கடைசியில் ராஜாவுக்கான சட்டம் வருகிறது. அவன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. அடுத்து, சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். காரணமும் அங்கேயே இருக்கிறது. அவன் மனம் தன் சகோதரர்களுக்கு மேலாக உயர்ந்துவிடக் கூடாது.

படை நடத்தவோ வரி வசூலிக்கவோ அந்த வாசிப்பு அவனுக்குச் சொல்லப்படவில்லை. சகோதரன் சகோதரனாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். கிராமத்துச் சபையில் இது எவ்வளவு தேவை என்பது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வயதில் மூத்த பெரியவர்கூட உபதேசியாரைக் கண்டால் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வார். கல்யாண வீட்டில் முதல் இலை அவருக்கு. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இப்படியே சில வருஷம் போனால் தன் சொல்லும் வேதத்தின் சொல்லும் ஒன்று என்ற எண்ணம் ஓசையில்லாமல் வந்து குடியேறிவிடும்.

அதனால் நானும் எழுதத் தொடங்கினேன். நீள நோட்டு, நீல மசிப் பேனா, விடியற்காலை நேரம். பிரசங்கத்துக்காக வாசிக்கிறபோது கண் தாவும். ஞாயிற்றுக்கிழமைக்கு எது உதவும் என்று தேடிக்கொண்டே போகும். எழுதுகிற கை தாவ முடியாது. எசேக்கியேல் 34-ஐ எழுதும்போது இதை நன்றாக உணர்ந்தேன். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைக் கர்த்தர் கணக்குக் கேட்கிற அதிகாரம் அது. கொழுத்ததைத் தின்றீர்கள், மயிரை உடுத்தினீர்கள், நசல்கொண்டதைக் குணமாக்கவில்லை, சிதறியதைத் தேடவில்லை என்று ஒவ்வொன்றாக வருகிறது. மேடையிலிருந்து இதைப் பிரசங்கிப்பது எளிது; கேட்பவர்கள் பெரிய பதவிக்காரர்களை நினைத்துத் தலையாட்டுவார்கள். விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எழுதும்போது நினைக்க வேறு யாரும் இல்லை. கோயிலுக்கு வராமல் நின்றுபோனவர்கள் யார், அவர்கள் வீட்டுப் படியை நான் எப்போது மிதித்தேன் என்று நோட்டின் ஓரத்தில் பெயர்கள் சேர்ந்தன. அன்று சாயந்திரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் வரும் வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. என் நெறி வேறு, அவர் நெறி வேறு. ஆனாலும் தான் கற்பித்ததற்குத் தன் உடம்பையே கீழ்ப்படுத்திய ஆசிரியர் என்ற மரியாதையோடுதான் அந்தக் குன்றைக் கடக்கிறேன்.

தனியாக எழுதுவதோடு முடிகிற காரியம் இல்லை இது. மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக் கொட்டகையில் சுற்றுவட்டார உபதேசியார்களும் மூப்பர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் கூடுகிறார்கள். கத்தோலிக்கச் சபை வேதியர் ஒருவரும் திருவிவிலியத்தோடு வந்துவிடுவார். வைத்திருக்கும் ஒழுங்கு எளியது. ஒரு புத்தகத்தை எடுத்தால் விடாமல் வரிசையாக வாசிக்க வேண்டும். யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. எழுதப்படிக்கத் தெரியாதவர்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும். கடைசி ஒழுங்கைச் சேர்த்தபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. இன்று அதை எடுத்துவிடலாம் என்று சொல்வார் இல்லை.

எண்ணாகமம் 11 வாசித்த நாளைச் சொல்ல வேண்டும். ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். மோசே களைத்துப்போய், இத்தனை பேரையும் நான் ஒருவனாகச் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்று கர்த்தரிடம் முறையிடுகிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தைரியமாயிரு என்றுகூடச் சொல்லவில்லை. மூப்பர்கள் 70 பேரைக் கூட்டு என்கிறார். உன்மேல் இருக்கும் ஆவியில் எடுத்து அவர்கள்மேல் வைப்பேன் என்கிறார். கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே தங்கிவிட்ட எல்தாத், மேதாத் என்ற இருவரும் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்குகிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டும் என்று யோசுவா மோசேயிடம் சொல்கிறான். மோசே தடுக்கவில்லை. கர்த்தரின் ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்கிறார்.

வாசித்து முடித்ததும் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துவிட்டு வந்திருந்த ஆயா ஒருவர் கேட்டார்: "ஏன் உபதேசியாரே, அந்த எழுபது பேர்ல பொம்பளைங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"அப்படி எழுதியில்லை ஆயா" என்றேன்.

"மோசே எல்லாரும்னுதானே சொன்னாரு. அதுல நாங்களும் வருவோம் இல்ல?"

கொட்டகையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். வேதம் வாசித்தால் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும். வாசித்ததை விளக்கவும் தெரியும். அந்த ஊர் மூப்பர்கள் அவளைப் பாட்டு வரிசையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆயா கேட்ட கேள்விக்குப் பிறகு அவர்களே கூடிப் பேசி, என்னால் வர முடியாத ஞாயிறுகளில் அவள் ஆராதனை நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள். ஐயரும் சம்மதித்தார். நான் சொல்லியிருந்தால் உபதேசியார் யோசனை என்று நின்றிருக்கும். ஊரார் காதால் கேட்ட வேதமே அந்தக் கதவைத் திறந்தது. களைத்த தலைவனுக்குக் கர்த்தர் அனுப்பும் உதவி, அவன் எதிர்பார்க்காத பாளயத்து மூலையிலிருந்து வரும் என்பதை அந்த அதிகாரம் எங்களுக்குக் காட்டியது.

உடம்பு தளர்கிற நாளுக்கும் வேதம் வழி வைத்திருக்கிறது. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தூதன் வந்து அவருக்கு அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், தூங்க விடுகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசத் தொடங்குவது அதற்கெல்லாம் பிறகு. அடுத்தடுத்து அடக்க ஆராதனைகள் நடத்திவிட்டு வரும் இளம் ஊழியர்களிடம் நான் ஜெபத்தைப் பற்றி முதலில் கேட்பதில்லை. சாப்பிட்டாயா தம்பி என்றுதான் கேட்கிறேன்.

பண விஷயத்தில் பவுல் எங்களுக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தவர். அறுப்பின் பண்டிகையில் முதல் நெல், மல்லாட்டை, பூசணி, சேவல் என்று கொண்டுவந்து வைப்பார்கள், ஏலம் விடுவோம். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். சந்தோஷமான நாள், சந்தேகமும் அன்றுதான் முளைக்கும். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகிறபோது பவுல் தனியாகப் போகவில்லை. தீத்துவோடு சபைகளில் நற்பெயர் பெற்ற வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமின்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்; 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. என்னைக் கர்த்தர் அறிவார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போக அப்போஸ்தலனுக்கே உரிமை இல்லை. எங்கள் ஊர்களில் ஏலப்பணத்தை மூன்று வீட்டார் சேர்ந்து எண்ணுகிறார்கள். தொகையை அன்றே கோயில் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம்.

கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குச் சேலை கொடுப்பதில் ஓர் ஊரில் மனத்தாங்கல் வந்தது. தூரத்துத் தெருக்காரர்களுக்கு எப்போதும் மிச்சம்தான் வருகிறது என்றார்கள். அப்போஸ்தலர் 6-இலும் இதே வழக்குத்தான். கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டார்கள். தீர்க்கத் தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே சாவியைக் கொடுத்தது அந்தச் சபை. நாங்களும் பட்டியல் எழுதும் வேலையைத் தூரத்துத் தெருப் பெண்களிடம் கொடுத்தோம். அதோடு தீர்ந்தது.

தீராதது சாதி. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் காட்டுகிற சபை கண்டிக்கப்படுகிறது. அந்த அதிகாரம் தமிழில் அச்சாகிப் பல தலைமுறை ஆன பிறகும் கோயிலுக்குள் சாதிவாரியாக உட்கார்ந்தவர்கள் நாம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே அடியோடு விடவேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. இதைப் பேசினால் காணிக்கை குறையும், வீட்டுக்கு அழைப்பு குறையும். வரிசையாக வாசிக்கும் ஒழுங்கு இங்கேதான் எனக்கு முதுகெலும்பு. யாக்கோபுவின் முறை வரும்போது அதைத் தாண்டிப் போக எனக்கு அதிகாரம் இல்லை. வாசித்தே ஆக வேண்டும், வாசித்தால் பேசியே ஆக வேண்டும்.

என் தொழிலின் முன்னோர் ஒருவர் கடலூர்க்காரர், ஆரோன். தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக இருந்து, 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார்; இந்திய புராட்டஸ்டண்டு சபைகளில் முதல் சுதேசக் குரு. அதே மிஷனின் சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது 1715-இல்தான். சொந்த மொழியில் அச்சான வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சபையை மேய்த்த முதல் தலைமுறை அவருடையது. கிராமம் கிராமமாக நடந்து 1745-இல் காலமானார். அவர் அலைந்தது காவிரிக் கரையில், நான் அலைவது செஞ்சி மலைகளுக்கு நடுவில், வேலை ஒன்றுதான்.

இன்னொருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் கிராமத்துக் குருவின் மகனாகப் பிறந்தவர். 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் சுமார் 1,200 பிரதிநிதிகள் முன் பேசினார். ஆசியாவிலிருந்து போயிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு கூட்டம். மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் சமமாகப் பழகுவதில்லை என்ற கசப்பான உண்மையை அவர் அங்கே சொல்ல வேண்டியிருந்தது. முடிக்கும்போது 1 கொரிந்தியர் 13-ஐப் பிடித்துக்கொண்டார். ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடம்பையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அந்த அதிகாரத்தின் வழியாகவே கேட்டார். அவர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த புத்தகத்தையே அவர்கள் முன் விரித்து வைத்தார். அதிகாரமும் பணமும் அவர்களிடம் இருந்தன. ஆனால் அந்த அதிகாரத்துக்குக் கீழ் அவர்களும் அவரும் ஒரே பாயில்தான் உட்கார வேண்டியிருந்தது. 1912 டிசம்பர் 29-இல் அவர் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப். பிறகும் தெலுங்குக் கிராமங்களில், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற கூலிக்காரர்களைத் தங்கள் தலையில் கைவைக்கச் சொல்லி, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தங்கள் சொல்லாகச் சொல்ல வைத்தார். பிஷப்புக்கு விழுந்த பாரம் அவர்களுக்கும் உரியது என்று நம்பியவர் அவர்.

எங்கள் ஊர்களில் சபைக் கமிட்டித் தேர்தல் வரும் காலத்தில் ஒரு பகுதியை மட்டும் வரிசை தாண்டி எடுக்கிறோம்: 1 சாமுவேல் 12. முதிர்ந்த சாமுவேல் ஜனங்கள் நடுவில் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று கேட்கிறார். ஜனங்கள் பதில் சொல்லும்வரை நிற்கிறார். பொறுப்பை ஒப்படைக்கிற மூப்பரும் பொருளாளரும் எங்கள் கோயிலில் அப்படியே எழுந்து, தங்கள் காலத்தைப் பற்றி யாருக்காவது குறை உண்டா என்று கேட்கிறார்கள். சில ஆண்டு யாரும் பேச மாட்டார்கள். சில ஆண்டு ரசீது கேட்பார்கள், கடுமையாகவும் கேட்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் அடுத்த தேர்தல். இந்த முறை உபதேசியாரும் எழுந்து நின்று கேட்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. அவர்கள் தீர்மானித்தது சரி. கணக்கு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். பயண ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.