கறுத்த அடைக்கு ஒரு கணக்கு

தேனீ வளர்ப்பவர் வீட்டில் மெழுகு உருக்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் பொழுது இறங்கிய பிறகுதான் போக வேண்டும். பகலில் அடுப்பு மூட்டினால் வாசனை பிடித்து அக்கம்பக்கத்துத் தேனீயெல்லாம் வந்து அண்டாவில் விழும். நான் சூரமங்கலத்து வீட்டுக்குப் போனபோது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். புழக்கடையில் மூன்று கல் கூட்டி விறகு அடுக்கியிருந்தது. சேலம் சந்திப்புக்குள் ரயில் நுழையும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும்.

பெட்டி வைப்பது கணவர். கஞ்சமலை அடிவாரத் தென்னந்தோப்புகளில் வைத்திருக்கிறார். கோடை மழைக்கு ஏற்காட்டில் காப்பி பூக்கும்போது சில பெட்டிகளை மேலே ஏற்றுவார். தேன் அவர் பொறுப்பு. மெழுகு மனைவியின் வேலை. ஐம்பது வயதை நெருங்கும் அந்த அக்கா, சாக்கை விரித்து அடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தேன் எடுக்கும்போது கத்தியால் சீவிய மூடி மெழுகு ஒரு குவியல். தேன் அறையிலிருந்து வந்த மஞ்சள் அடை இன்னொன்று. மூன்றாவது, புழு வளர்ந்து வளர்ந்து கன்னங்கரேலென்று ஆன பழைய அடை.

“வெள்ளைய உருக்க யாராலயும் முடியும் தம்பி. இந்தக் கருப்புதான் ஆள உக்கார வைக்கும்” என்றார்.

கறுப்புக்குக் காரணம் இருக்கிறது. அறைக்குள் வளரும் ஒவ்வொரு புழுவும் தன்னைச் சுற்றி மெல்லிய பட்டுக்கூடு பின்னுகிறது. தேனீயாகி வெளியேறும்போது அந்தக் கூட்டை விட்டுவிட்டுப் போகிறது. அதன் மேல் அடுத்த புழு பின்னும். சுவர் தடித்து அறை குறுகிவிடும். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கே இது பிடிக்காது. பழைய அடையைக் கடித்துக் கடித்துப் பெட்டியின் அடிப்பலகையில் உதிர்த்துவிட்டு வேறு கட்டும். எடுக்காமல் விட்டால் அந்துப்பூச்சி புகுந்துவிடும். அதன் புழுக்கள் அடையைக் குடைந்து நூலாம்படையாக்கிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்க மெழுகில் என்ன இருக்கிறது? பிறந்து 12 முதல் 18 நாள் ஆன வேலைக்காரத் தேனீயின் வயிற்றுக்கு அடியில் நான்கு ஜோடி மெழுகுச் சுரப்பிகள் நன்றாகச் சுரக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் செதில் சுமார் ஒரு மில்லிகிராம். ஒரு கிலோ மெழுகுக்குப் பத்து லட்சம் செதில்கள் வேண்டும். அதைச் சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ தேனைத் தின்று தீர்க்கும் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. மெழுகு என்பது தேனீ செலவழித்த தேன்.

முன்பு தமிழ்நாட்டுக்கு மெழுகு பெரும்பாலும் மலைகளிலிருந்தே வந்தது. நீலகிரியில் குறும்பர்கள் பாறையில் தொங்கும் பெருந்தேனீயின் அடையை அறுத்து இறக்குவார்கள். தேனைப் பிழிந்தபின் மிஞ்சுவது மெழுகு. 1911 முதல் 1917 வரை திருச்சிப் பக்கம் பாதிரியார் நியூட்டன், இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்ற பெட்டியை அமைத்துக் கிராமத்தாருக்குப் பழக்கினார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் பெயர். பெட்டியில் அடையை உடைப்பதில்லை. இயந்திரத்தில் சுழற்றித் தேனை எடுத்துவிட்டு, அடை கட்டிய மரச்சட்டத்தை மறுபடி உள்ளே வைக்கிறார்கள். அதனால் தேன் பெருகியது, மெழுகு அரிதானது. பெட்டிக்காரருக்கு மிஞ்சுவது சீவிய மூடியும் இந்தக் கறுத்த அடையும்தான்.

கறுப்பு அடையை அக்கா முந்தின நாளே நொறுக்கி ஊறப்போட்டிருந்தார். ஊறாமல் உருக்கினால் உருகிய மெழுகைப் பட்டுக்கூடுகள் குடித்துவிடும். முன்பே தண்ணீரைக் குடித்திருந்தால் மெழுகுக்கு இடம் இருக்காது. அந்தத் தண்ணீரும் போர் தண்ணீர் அல்ல. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர். “போர் தண்ணியில மெழுகுக்கு அடியில சோப்பு மாதிரி படியுங்க” என்றார். உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு மெழுகின் அமிலங்களோடு சேர்ந்து அப்படித்தான் ஆகும். பாத்திரத்திலும் கவனம் வேண்டும். இரும்பில் உருக்கினால் மெழுகு பழுப்பாகும், செம்பில் பச்சை பிடிக்கும். இவருடையது அலுமினிய அண்டா. சமையலுக்கு அதைத் தொடுவதில்லை.

ஊறிய அடையைக் கோணிச் சாக்கில் கட்டி, மேலே கல் வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் போதும். 85-ஐத் தாண்டினால் நிறம் கெடும். அக்காவிடம் வெப்பமானி இல்லை. தண்ணீர் இரைய ஆரம்பித்ததும் விறகை வெளியே இழுத்தார். கொதித்தால் மெழுகும் தண்ணீரும் கலந்து நுரைத்துவிடும். மரக்கட்டையால் சாக்கை அழுத்த அழுத்த, மஞ்சள் எண்ணெய் போல் மெழுகு மேலே மிதந்தது. நேரம் போகப் போக அழுத்துகிற கைதான் ஓய்ந்தது. பிறகு சாக்கை எடுத்துவிட்டு, அண்டாவை மூடிப் பழைய கம்பளியைச் சுற்றினார். மெதுவாக ஆறினால்தான் தூசி கீழே இறங்கும். வேகமாக ஆறினால் கட்டி வெடிக்கும்.

மறுநாள் காலையில் கட்டியைத் தூக்கி அடியிலிருந்த பழுப்புக் கசடைச் சுரண்டினார். பொழுது இறங்கியதும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரம் வைத்து மறுபடி உருக்கி, வேட்டித் துணியில் வடித்தார். நேரடி நெருப்பில் ஒருபோதும் வைக்க மாட்டார். மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிதான் போட வேண்டும் என்பதால் மூடி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சாக்கில் தங்கிய சக்கை காய்ந்ததும் அடுத்த உருக்கலுக்கு அடுப்பெரிக்கும்.

நல்ல தேன்மெழுகுக்குக் கிராக்கி உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் அதோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித்தான் சிலைக்கு உருப்பிடிக்கிறார்கள். தைலம், சோப்பு செய்கிறவர்களும் வாங்குவார்கள். ஆனால் இந்த வீட்டு மெழுகில் பெரும்பங்கு வெளியே போவதில்லை. புதுச் சட்டத்தின் மேல்கட்டையில் ஒரு கீற்று ஒட்டினால் தேனீ அந்தக் கோட்டைப் பிடித்து அடை கட்டும். காலிப் பானையில் தடவி வைத்தால் பிரிந்து வரும் கூட்டம் குடியேறும்.

கணவரிடம் கணக்கு நோட்டைக் கேட்டேன். பெட்டி, வண்டி வாடகை, தேன் விற்ற கிலோ எல்லாம் இருந்தன. மெழுகு இல்லை.

“அதுல என்னங்க வருமானம்?” என்றார். மெழுகை விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். யோசித்தார். “கடையில வாங்கினா பாரபின் கலந்திருக்கும். சட்டத்துல வெச்சா வெயிலுக்குத் தொங்கிரும். அத நம்பி பெட்டி வைக்க முடியாதுங்க.”

அப்படியானால் தேன் வரவில் ஒரு பங்கு இந்த அண்டாவிலிருந்து வருவதுதானே என்றேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்களே சொல்லுங்க தம்பி, இந்த வருசத்துல இருந்து எனக்கும் ஒரு கூலி எழுதச் சொல்லி.”